பெருமாள்மலைக்குக் கீழே, நியூட்ரலில்

4.7.2005, திங்கள்

காலை முதல் மூடுபனி. நேற்றுத் துவைத்தது இன்னும் ஈரம். மத்தியானம் தூறல்.

விமலா ஐந்தரைக்கு வந்தாள். பையை வைப்பதற்கு முன்பே ஆரம்பித்தாள். "காலைல எறங்கும்போது பிரேக்கு பஞ்சு மாதிரி அமுங்குச்சுங்க. ஊத்து பஸ் ஸ்டாப்புக்கு மேல மூணு தடவ மிதிச்சப்பறந்தான் நின்னுச்சு."

"மிதிச்சா நிக்குதுல்ல?" என்றேன்.

வண்டிக்குப் பதினேழு வயது. சின்னக் கார். நான்கு பேர் ஏறினால் மேட்டில் முனகும். பராமரிப்பு முழுக்க நான். கல்லூரியில் என்னைவிட ஒன்பது வயது இளையவனைத் துறைத் தலைவராக்கினார்கள். அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். மூன்று வருடமாக வீடு, வண்டி, இந்த நோட்டு. அதே வருடம்தான் என் மனைவி விமலா எங்கள் ஊருக்குக் கீழே பண்ணைக்காட்டுப் பள்ளியில் எச்.எம். ஆனாள். வாழ்த்த வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டது நான். மறக்கவில்லை.

நாளைக்கு:
பிரேக் ஆயில் பார்க்க
பின் சக்கரம் கழற்ற
வைப்பர் ரப்பர்
மெக்கானிக் சவரியிடம் போவதா? யோசிக்க.

5, செவ்வாய்

வி.யை வற்புறுத்திப் பஸ்ஸில் அனுப்பினேன். "பிரேயர் முடிஞ்சு போய் நிக்கிற எச்.எம். எங்கயாச்சும் உண்டா?" முனகிக்கொண்டே போனாள்.

ஆயில் அடிமட்டத்தில். நிறம், பால் விடாத டீ. சக்கரம் வந்தது, உள்ளே இருக்கும் பிரேக் டிரம் வரவில்லை. சுத்தியலால் தட்டியதில் கைத்தோல் உரிந்ததுதான் மிச்சம். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, முதல் கியரில் உருட்டிக்கொண்டு சவரியின் ஷெட்டுக்கு. போன வருடம் அவனை நாலு பேர் முன்னால் திட்டியவன் நான். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியதில் ஒரு திருகு மிச்சமானதற்கு. வேறு மெக்கானிக்கை நம்பவும் முடியவில்லை.

"வாங்க சார். இன்னிக்கு எந்தத் திருகக் காணோம்?"

பின் சக்கரத்தைக் காட்டினேன். டிரம்மில் இரண்டு போல்ட்டை முறுக்கினான். ஐந்தே நிமிடத்தில் கழன்று வந்தது. எனக்கு அவமானம்.

"லைனிங் கருகிக் கெடக்கு. டிரம்மப் பாருங்க, சூட்டுல நீலம் பாஞ்சிருக்கு. ஆயில் மாத்தி எத்தன வருசம்?"

ஊற்றியிருக்கிறேன். மாற்றியதே இல்லை.

"இந்தப் பனியில தண்ணிய உறிஞ்சி வச்சிருக்கும் சார். மிதிச்சுக்கிட்டே எறங்கினா சூடேறிக் கொதிச்சிரும். கொதிச்சா மிதி தரைக்குப் போயிரும். பெறகு..." கையை மேலே காட்டினான். கொஞ்சம் பொறுத்து, "நியூட்ரல்ல எறங்குறீங்களோ?"

"இல்ல."

"அப்ப அம்மாவா?"

"இருக்கும். சொன்னா எங்க கேக்குறா."

எழுதும்போதே காது சுடுகிறது.

6, புதன்

மழை. பிரேக் சாமான் திண்டுக்கல்லிலிருந்து நாளைதான் வருமாம். வி. பஸ்ஸில் போய் நனைந்து வந்தாள். தும்மல்.

இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும். எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான். இந்த மலையில் பாதிப் பேர் செய்வதுதான்: டாக்சிக்காரர்கள், கிளாவரையிலிருந்து கேரட் ஏற்றி வரும் வேன்கள். பெருமாள்மலை டீக்கடைகளைத் தாண்டியதும் சாவியைத் திருப்பினால் கீழே வரை ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லை. முதல் நாள் அவள், "சத்தமே இல்லாமப் போகுது, பயமா இருக்குங்க" என்றாள். "எச்.எம்.முக்கே பயமா?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அன்றிலிருந்து ரோஷத்தோடு அப்படியே இறங்குகிறாள்.

அரிசி களையும்போது, குளிக்கும்போது, அதே படம். பனி, வளைவு, தரையோடு ஒட்டிய மிதி.

7, வியாழன்

லைனிங், பேடு, சிலிண்டர் ரப்பர், ஆயில் எல்லாம் புதிது. பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்க நான் உள்ளே உட்கார்ந்து மிதித்தேன், சவரி வண்டிக்கு அடியில். "மிதிங்க... பிடிச்சுக்கங்க... விடுங்க."

கிளம்பும்போது ஜன்னலில் குனிந்து சொன்னான். "புது லைனிங். படியிற வரைக்கும் சரியாப் புடிக்காது. நாலஞ்சு நாளு ரெண்டாவது கியர்லயே எறங்கச் சொல்லுங்க. நியூட்ரல் வேணவே வேணாம். எங்கப்பா சிலோன்ல தோட்டத்து லொறி ஓட்டினவரு. எஞ்சின அணைச்ச வண்டி யார் பேச்சையும் கேக்காதும்பாரு."

சொல்கிறேன் என்றேன்.

சாப்பிடும்போது சொல்ல வாயெடுத்தேன். அவள் நாளைய இன்ஸ்பெக்ஷன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். போன முறை அதிகாரி ரொம்பப் பாராட்டினாராம். என்னைப் பாராட்ட அப்படி ஒரு அதிகாரி வந்ததில்லை. வாய் மூடிக்கொண்டது. காலையில் சொன்னால் போகிறது.

8, வெள்ளி

மாலை எழுதுகிறேன்.

காலையில் எழுந்தபோது அவள் இல்லை. மேஜையில் துண்டுச்சீட்டு: "வெள்ளனே கெளம்பிட்டேன். டீச்சர் ரெண்டு பேரையும் ஏத்திக்கணும். இட்லி மூடியிருக்கு." மணி ஏழு. பள்ளிக்கூடத்துக்குப் போன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. செருப்பு மாட்டாமல் ஷெட்டுக்கு ஓடினேன். சவரி ஒன்றும் கேட்கவில்லை. ஜீப்பை எடுத்தான்.

"வெரசாப் போ சவரி."

"வெரசாப் போனா அவங்களுக்கு முந்தி நாம போயிருவோம் சார்."

அருவி வரை பனி. ஒவ்வொரு வளைவிலும் வெளியே எட்டி, ஓரத்துக் கற்களில் எது சாய்ந்திருக்கிறது என்று பார்த்தேன். பள்ளத்தில் வெள்ளையாக எது தெரிந்தாலும் எங்கள் காரோ என்று ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். ஒன்று பிளாஸ்டிக் சாக்கு. ஒன்று பசு.

பெருமாள்மலையில் தாங்க முடியவில்லை. "சவரி, நாந்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். நேத்து நீ சொன்னதயும் சொல்லல."

"மொதல்ல சொன்னது தெரியும். மூணு வருசமா இந்த ரோட்டுல போறப்ப வர்றப்ப ஒங்க வண்டி சத்தமில்லாம எறங்குறதப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"பெறகு ஏன் கேட்ட?"

"சொல்லுவீங்களான்னு பாத்தேன்."

மூன்றாவது வளைவு. கார், மூக்கை மலைப்பக்கச் சாக்கடையில் நுழைத்துக்கொண்டு நின்றது. டீச்சர்கள் இருவரும் கல்லில். ஒருத்தி அழுகை, மற்றவள் ரிஜிஸ்தர்களை மடியில் அணைத்தபடி. வி. குனிந்து சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. உயிரோடு.

சவரியிடம்தான் பேசினாள். "மிதி கல்லு மாதிரி நின்னுச்சு, புடிக்கல. ரெண்டாவது கியரப் போட்டுக் கிளச்ச விட்டேன். ஒரு குலுக்கு. அப்பறம் மலைப்பக்கம் ஒடிச்சிட்டேன்."

"அதான்மா சரி." என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்தான்.

அவளிடம் சொன்னேன். "சவரி நேத்தே சொன்னான், நியூட்ரல் வேணாம்னு. நான் ஒங்கிட்ட சொல்லல."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல."

கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். பிறகு, "ஆபீசர் பத்து மணிக்கு வந்துருவாங்க. ஜீப்புல எடம் இருக்கா சவரி?"

மூன்று பேரும் ஏறிப் போனார்கள். சவரி திரும்பி வரும்வரை காருக்குக் காவல் நான். வெறுங்காலோடு.

10, ஞாயிறு

இரண்டு நாளாகப் பேச்சில்லை. முன் பம்பரை நிமிர்த்தினேன். சவரி இன்னொரு முறை எல்லாவற்றையும் பார்த்து, சரி என்றான். எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. மிதித்து மிதித்துப் பார்த்தேன்.

சாயங்காலம் வி.: "நாளைக்கு நாந்தான் எடுக்குறேன். நீங்க பக்கத்துல உக்காந்து வாங்க."

"பஸ்..."

"வாங்க."

11, திங்கள்

பனி இல்லை. பள்ளம் முழுக்கத் தெரிந்தது, அடி வரை. அவள் இரண்டாவது கியரில், எஞ்சின் ஊளையிட. டீக்கடைகளைத் தாண்டியதும் என் வலது கால், பிரேக்கை மிதிப்பதுபோல், தானாகத் தரையை அழுத்தியது. ஒவ்வொரு வளைவுக்கும் அழுத்தினேன். தொடை விண்ணென்று வலித்தது.

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "காலத் தூக்குங்க. அங்க ஒண்ணும் இல்ல."

தூக்க முடியவில்லை.