வெட்டிய முடிச்சுகள்

அக்கா,

நேற்று போனில் என்ன சொன்னாய்? "அம்மா மாலையில இருந்த ஜேடு பச்சைக்கல் மணியையெல்லாம் கண்ணாடியா மாத்திட்டியேடி, திருடி!"

அவை என்றைக்குமே கண்ணாடிதான். நம்தேமுன் சந்தையில் அம்மா வாங்கியபோது பை பிடித்தவள் நான். மணிக்கு மணி நடுவே பட்டுக்கயிற்றில் அவள் முடிச்சுப் போட்டிருந்தாள். அதை வெட்டாமல் ஒரு மணியைக்கூட மாற்ற முடியாது. வெட்டியது யார்? அம்மா இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் படையல் ஆறுவதற்குள் கத்தரியோடு உட்கார்ந்தவள் நீ. மணிகளைச் சுருட்டிக்கொண்டு, "நூல்தானே, நீயே வெச்சுக்க" என்று என் மடியில் எறிந்தாய்.

வைத்திருக்கிறேன். கண்ணாடி மணி அந்தச் சந்தையில் இன்னும் கிடைக்கிறது, வேண்டிய மட்டும் வாங்கிக்கொள். அம்மா போட்ட முடிச்சு அத்தனையும் என்னிடம் இருக்கிறது. "ஞாபகத்துக்கு ஒண்ணு குடு" என்று என் வாசலில் வந்து நிற்காதே.

இப்படிக்கு,
நீ திருடி என்ற தங்கை