ஒற்றைப் படி

இன்று சாயங்காலம் உங்கள் வீட்டில் உன் தங்கை ஜோதியின் கணக்கு நோட்டைத் திறந்தேன். 'ஐந்து ஐந்தாகத் தாவி எண்ணுக' என்ற தலைப்பின் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓர் எண்ணைக்கூட விடாமல் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள்.

நாற்பது வரை தடுமாறாமல் தாவியவள்தானே? உன் அம்மாவின் வேண்டுதலுக்காக மலைப்படிகளுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கப் போன அன்று நீ சொல்லிக் கொடுத்தது. அம்மா மஞ்சள் பூசிக்கொண்டே முன்னால் போனார். குங்குமக் கிண்ணம் ஜோதியிடம். நீ அவள் காதில், "ஒவ்வொரு அஞ்சாவது படிக்கு மட்டும் வெச்சு எண்ணு" என்றாய். அவளும் ஐந்து, பத்து என்று கத்திக்கொண்டே குதித்தாள். நாற்பதாவது படியில் அம்மா திரும்பிப் பார்த்துவிட்டார்.

"நாலு நாலு படிய உட்டுட்டு வந்துகினு இருக்கா. நீ பாத்துகினு நிக்கிறியா?"

"கணக்கு சொல்லிக் குடுக்கிறேன்மா. சாமிக்கும் அஞ்சாம் வாய்ப்பாடு தெரியட்டும்."

"வூட்டுக்கு வா, உனக்கு இருக்குது!"

நீ என்னைக் கிள்ளி, "ஏய் புத்தகப் புழு, எனக்காக ஒரு வார்த்தை பேசேன்டி" என்றாய். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. விட்ட படிகளுக்கெல்லாம் வைத்துவிட்டு வரச் சொல்லி ஜோதியைக் கீழே அனுப்பினாய். ஓடிப் போய் ஓடி வந்தாள்.

மூன்று வாரத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. அவ்வளவுதான். வகுப்பில் நம் பெஞ்சில் உன் இடத்தில் நான் இன்னும் பையை வைப்பதில்லை.

"ஏன் தாவலை?" என்று ஜோதியிடம் கேட்டேன். வெகுநேரம் பென்சிலைக் கடித்தாள்.

"ஒரு படிய உட்டுட்டேன்க்கா. அதுல ஒரு தாத்தா உக்காந்துகினு இருந்தார். எழுந்திருங்கன்னு சொல்ல பயமா இருந்துச்சு. எல்லாத்துக்கும் வெச்சுட்டேன்னு எங்க அக்காகிட்ட பொய் சொல்லிட்டேன். அதான் சாமி கோச்சுகினு..."

இரண்டாம் வகுப்புப் பிள்ளை, இத்தனை மாதமாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்! கொசு, கிருமி என்று நான் படித்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. பூஜை அலமாரியிலிருந்த குங்குமத்தை எடுத்துக்கொண்டு அவளை மலைக்குக் கூட்டிப் போனேன்.

அந்தப் படியை அவள் தேடவே இல்லை. நேராகப் போய் நின்றாள். பதினேழாவது படி. குங்குமம் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப அக்கா வந்துடுவாளா?"

"வரமாட்டா கண்ணு. நீ அன்னிக்கே வெச்சிருந்தாலும் காய்ச்சல் வந்துதான் இருக்கும்."

இரண்டு கையாலும் என் வயிற்றில் குத்தினாள். பிறகு என் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டேதான் இறங்கினாள். நான் தாவச் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டிருக்கிறாள். சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பொய்யை அவள் உன்னிடம் சொன்னாள். பரவாயில்லை என்று நீ சொன்னால்தான் அவளுக்குத் தீரும். நான் எத்தனை முறை சொன்னாலும், அவள் என் முகத்தையே பார்க்கிறாள்.