போனில் ஓடிய ஹெரால்ட்

திருத்தணி,
ஞாயிறு.

தம்பி ஃபஹத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மற்றபடி நலம்.

கண்காட்சி எப்படி நடந்தது என்று ஷார்ஜாவிலிருந்து கேட்டிருக்கிறாய். அருவருப்பாக நடந்தது.

அத்தாவின் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை வருடக்கணக்கில் பிரித்துப் பூட்டியவன் நான். துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டிவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தேன். எங்கும் கிடைக்காத பாகங்களை நானே லேத்தில் கடைந்தேன். பி.இ. படித்தவன் கிரீஸ் கையோடு திரிகிறான் என்று சிரித்தவர்களில் நீயும் ஒருவன், மறக்கவில்லை. உன் கம்பெனி ஒரே மத்தியானத்தில் அதைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டு போனது. போனை வண்டிக்கு நேரே பிடித்தால் திரையில் பானெட் திறக்கும், எஞ்சின் ஓடும் என்றாய்.

கண்காட்சி நடந்த மண்டபத்துக்காரர் ராஜமாணிக்கம் வண்டியை வாசலில் நிறுத்தியதும் பூஜை போட்டுவிட்டார். பானெட்டில் சந்தனப் பட்டை, விளக்குகளுக்குக் குங்குமம், முன்பக்கம் முழுக்கச் சாமந்தி மாலை. அதில் எனக்குக் குறையில்லை. இந்த ஊரில் எந்த வண்டிக்குப் பூஜை போடாமல் விட்டார்கள்? ஆனால் அந்த அலங்காரத்தில் உன் போனுக்கு வண்டியை அடையாளம் தெரியவில்லை. உன் ஆள் அர்பாஸ் வியர்த்து வழிய, ‘வண்டி எங்கன்னு கேக்குதுண்ணே’ என்றான். ‘எதிர்ல நின்னுகினு கீது, உன் போனுக்குக் கண்ணு அவிஞ்சிபோச்சா?’ என்றார் ராஜமாணிக்கம். மாலையைக் கழற்றவும் அவர் விடவில்லை.

கடைசியில் அர்பாஸ் ஒரு வழி கண்டுபிடித்தான். வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் இதே வண்டியின் படம் இருந்தது. போனை அதற்கு நேரே பிடித்ததும் எல்லாம் வந்துவிட்டது. கூட்டம் மொத்தமும் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஃப்ளெக்ஸ் முன்னால் நின்றது. ஒருவன் கதவில் சாய்ந்தபடியே படத்தைப் பார்த்தான். அவன் பெல்ட் பெயிண்டில் கோடு கிழித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினேன். முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அர்பாஸ் ஓடிவந்தான். ‘அண்ணே, கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க. போன்ல எஞ்சின் சத்தம் கேக்கமாட்டேங்குதாம்.’



அதற்கு மேல் உன் செய்தி வேறு. ஹைதராபாத் ஓட்டல்காரர்கள் வரவேற்பறையில் நிறுத்த வண்டியை விலைக்குக் கேட்கிறார்களாம். தரையில் எண்ணெய் சொட்டக்கூடாது என்பதால் எஞ்சினைக் கழற்றிவிட்டுத் தரவேண்டுமாம். அதுதான் போனில் இருக்கிறதே, வண்டி எதற்கு என்று என்னிடமே கேட்கிறாய். வண்டி நம் இருவர் பேரிலும் இருக்கிறது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அத்தாவின் முகத்தையும் நீ கடைசியாகப் போனில்தான் பார்த்தாய். கபர்ஸ்தானில் உனக்காக அந்தப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். ஒரு பிடி மண் அள்ளிப்போட எனக்குக் கை ஒழியவில்லை.

உன் போன் வித்தையை அம்மாவுக்கும் காட்டினேன். ‘நல்லாத்தான் கீது. எங்க ஏறி குந்தறது?’ என்றார். பிறகு பட்டறைக்கு வந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். முன்னால் வரச் சொன்னேன். ‘அது சின்னவன் எடம்டா’ என்று மறுத்துவிட்டார்.

ஒருமுறை வா. மூவருமாகப் பள்ளிப்பட்டு வரை போய்வருவோம். திரும்பி வந்தபிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால் கையெழுத்துப் போடுகிறேன்.

வண்டியில் உன் பக்கத்து இடது கதவை மட்டும் நான் சரிசெய்யவில்லை. கொஞ்சம் தூக்கி இழுத்தால்தான் சாத்திக்கொள்ளும். உனக்குத் தெரியும்.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அண்ணன்,
முக்தார் அகமது