நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் ஒருவர்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததும் நாலு வரி எழுதுவாய் என்று பார்த்தேன். அழைப்பிதழ்தான் வந்தது. கூடப் பிறந்தவளுக்கும் அச்சடித்த அட்டைதானா? போகட்டும். நீ தங்கியிருந்த அறையில் டர்ப்பன்டைன் நெடி இன்னும் போகவில்லை. கட்டில் விரிப்பில் ஒரு பச்சைக் கறை, என்ன தேய்த்தும் போவேனா என்கிறது. சின்னவள் பள்ளிக்கூடத்தில், "எங்க பெரியம்மா ஈசல் வச்சுத்தான் படம் வரைவாங்க" என்று சொல்லியிருக்கிறாள். பூச்சியை வைத்து எப்படி வரைவது என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நீ படத்தை நிறுத்தி வரைகிற மரத் தாங்கிக்கு இங்கிலீஷில் அதுதான் பெயர் என்று விளக்க வேண்டியதாயிற்று.

கண்காட்சிக்கு மூன்று பேரும் வருகிறோம். ஆபீசில் லீவு கிடைக்காது என்று அவர் இழுத்தார். நான் விடவில்லை. காலையில் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனால் இருட்டிய பிறகு வருகிறவர், உனக்காக ஒருநாள் வரக்கூடாதா? நீ தினமும் போய் உட்கார்ந்த எங்கள் ஊர் நீர்த்தேக்கத்தை எப்படி வரைந்திருக்கிறாய் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

உன்
தங்கை

மார்ச் 9

அன்புத் தங்கைக்கு,

விரிப்புக்காகக் கோபித்துக்கொள்ளாதே. வேறு வாங்கித் தருகிறேன்.

கண்காட்சிக்கு நீங்கள் சிரமப்பட வேண்டாம். முதல் நாள் கூட்டத்தில் உங்களோடு நின்று பேசக்கூட முடியாது. சின்னவளுக்குப் பரீட்சை நேரம் வேறு. மாப்பிள்ளையை வற்புறுத்தாதே. எல்லாம் முடிந்ததும் படங்களை நானே கொண்டுவந்து காட்டுகிறேன். வராதே என்று சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளாதே.

அக்கா

மார்ச் 22

அக்கா,

வராதே என்றுதான் நீ சொல்லியிருக்கிறாய். எனக்குத்தான் புரியவில்லை.

கூட்டத்தில் நீ எங்கோ பேசிக்கொண்டிருந்தாய். சின்னவள் அந்தப் பெரிய படத்துக்கு முன்னால் போய் நின்று, "அம்மா, இது அப்பா" என்றாள். இல்லை என்றேன். "அப்பாதான். நம்ம சாப்பாட்டுப் பை" என்று விரலை வைத்துக் காட்டினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். மோட்டார் அறையின் சுவர் ஓரம், தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஆள். நான் இஸ்திரி போட்ட சட்டை. பட்டப்பகல். திரும்பிப் பார்த்தபோது அவர் பின்னால் இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் இருந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "வேலை போய் அஞ்சு மாசமாச்சு" என்றார். இதுவரை வந்த சம்பளம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

நீ என் வீட்டில், என் கையால் சாப்பிட்டுக்கொண்டு, இதைத் தினமும் பார்த்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் மாட்டிக் காட்டியிருக்கிறாய்.

தங்கை

மார்ச் 27

என் அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதத்தை நீ கிழித்துப் போட்டாலும் சரிதான்.

முதல் நாள் எனக்கு அது யாரென்று தெரியாது. எதிர்க்கரையில் இருட்டாக ஒரு புள்ளி, அவ்வளவுதான். அதைப் படத்தில் வைத்ததும் அந்தத் தண்ணீர் முழுவதும் அசைந்தது. என் படங்களில் எல்லாம் இருக்கிறது, ஆனால் அங்கே யாரும் வாழவில்லை என்று பல வருடங்களாகச் சொல்லக் கேட்டவள் நான். அடுத்த நாள் நெருங்கிப் போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். கையைக் கழுவக்கூட இல்லை. "அக்கா, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. வேற வேலை கிடைச்சதும் நானே சொல்லிடறேன்" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். நாளை முதல் வேறு இடத்தில் உட்காருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் எழுந்து போனால் படம் போய்விடுமே என்று நினைத்தேன்.

வாயால் காப்பாற்றிய வாக்கைக் கையால் கெடுத்தேன். கட்டை விரல் அகலம்கூட இல்லாத ஆளை யார் கண்டுகொள்ளப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். நீங்கள் வருவதாக எழுதிய பிறகாவது படத்தை இறக்கியிருக்கலாம். மண்டபத்தில் நடுச்சுவரை அதற்கென்று ஒதுக்கியிருந்தார்கள். மனம் வரவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது கண்ணாடி பார்க்கக் கூசுகிறது.

படத்தை இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நீ சரி என்றால் அந்த இடத்தில் வெறும் தண்ணீரை வரைந்து மூடிவிடுகிறேன். மாப்பிள்ளையின் காலில் விழச் சொன்னாலும் வருகிறேன்.

அக்கா

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

உடனே பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். கோபத்தில் எழுதினால் பாதிதான் உண்மையாக இருக்கும்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவரிடம் ஒருநாள் கேட்டேன். சொன்னார். மாடி வீட்டுக்காரருக்கு வேலை போனபோது நான் பேசிய பேச்சு அவருக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஆம்பளை வீட்ல உக்காந்தா அந்த வீட்ல சோறு எப்படி இறங்கும்" என்றேனாம். சிரித்துக்கொண்டே சொன்னேனாம். எனக்கு அது நினைவுகூட இல்லை. உன்னைத் திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் என் பக்கமே திரும்பிவிட்டது.

அவரை அழிக்காதே. அவர் அங்கே உட்கார்ந்திருந்தது நிஜம். தண்ணீரை ஊற்றி மூடினால் இல்லையென்று ஆகிவிடாது. ஆனால் அந்தப் படம் எங்கேயும் மாட்டப்படக் கூடாது. இங்கேயும் கொண்டுவராதே. நீயும் இப்போது வராதே. உன்னிடம் அவருக்குக் கோபமில்லை. உன்னைப் பார்த்தால் கையைக் கழுவாமல் எழுந்து நின்றதுதான் ஞாபகம் வருமாம். சின்னவளுக்கு எழுது, தேடுகிறாள். வரலாம் என்கிற நாள் வந்தால் நானே எழுதுவேன். வராமலும் போகலாம்.

இரும்புச் சாமான் கடையில் அவருக்கு அரை நாள் வேலை கிடைத்திருக்கிறது. மதியம் வீட்டில்தான் சாப்பிடுகிறார். எதிரே உட்கார்ந்து பரிமாறினால் தலையை நிமிர்த்துவதே இல்லை. அதனால் இப்போதெல்லாம் என் தட்டையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம். நேற்று அவராகவே மோர் கேட்டார்.

தங்கை