முழங்கால் ஆழக் குழி

மார்ச் 6, ஒருரோ

நகராட்சிக்குப் போனேன். கட்டட அனுமதிப் பிரிவின் தலைவர் ரோலாந்தோ சாவேத்ரா காபி கொடுத்தார். அவர் காபி கொடுத்தால் வேலை நடக்காது என்று அர்த்தம்.

தீக்காயம் பட்ட குழந்தைகளுக்கென்று ஒரு மருத்துவமனை. அதற்கு நகராட்சி உரிமம் வேண்டும். உரிமத்துக்குச் சுகாதார அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும். அமைச்சகமோ, முதலில் நகராட்சி என்ன சொல்கிறது என்று கேட்டு வா என்கிறது. ஆறு வருஷமாக இந்தச் செக்கைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். சுரங்கத் தொழிலாளர் சங்கம் நிலம் கொடுத்துவிட்டது. பணமும் சேர்ந்துவிட்டது. இல்லாதது கையெழுத்து மட்டும்தான்.

"உங்க நல்ல மனசு எனக்குத் தெரியாதா டாக்டர்?" என்றார். என் மனசை யாரய்யா கேட்டது?

பெரியவர்கள் வார்டின் மூலையில் ஒரு திரையைக் கட்டி அதற்குப் பின்னால் என் பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கிறேன். காயம் பெரியதென்றால் லா பாஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். குளிரில் நாலு மணி நேரச் சாலை. வழியிலேயே போய்விடுகிற பிள்ளைகள் உண்டு.

வாசலில் ஹுஸ்தாவின் வண்டியில் நின்று சூடாக அபி குடித்தேன். இந்த ஊதாச் சோளக் கஞ்சி உள்ளே போகாமல் எனக்கு வேலை ஓடாது. அவள் மகள் நைடா, ஐந்து வயது வாயாடி, வண்டிக்கு அடியிலிருந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"டாக்டரம்மா, உன் ஆஸ்பத்திரி வந்துடுச்சா?"

"இன்னும் வரலடி."

"நடந்தா வருது?"

ஏப்ரல் 17, லா பாஸ்

நாடாளுமன்றக் குழு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தது. குழந்தைகளுக்கான சிறப்பு மருத்துவமனைகளுக்கு ஒரே அலுவலகத்தில், அறுபது நாளில் அனுமதி என்று ஒரு மசோதா கொண்டுவருகிறார்கள். ஆறு வருஷத்து வயிற்றெரிச்சலை எல்லாம் அங்கே கொட்டித் தீர்த்தேன்.

ஒரு உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "விதியைத் தளர்த்தினா கண்டவனும் கட்டடம் எழுப்பிடுவானே?"

யோசிக்கவே இல்லை நான். "அனுமதி இல்லாம வேலை ஆரம்பிச்சவங்களுக்கு அஞ்சு வருஷம் இந்தச் சலுகை கிடையாதுன்னு எழுதிக்குங்க. யோக்கியமா இருக்கறவங்களுக்கு அதனால என்ன நஷ்டம்?"

கை தட்டினார்கள். எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அப்படி ஒரு பசி. தெருவோரம் நின்றபடியே பன்றி இறைச்சி வைத்த ரொட்டி இரண்டு தின்றேன்.

ஜூன் 30

அமைச்சகத்தின் ஒப்புதல் வந்தேவிட்டது! தலைமை நர்ஸ் பெலிசா அழுதுவிட்டாள். இனி நகராட்சி உரிமம் ஒன்றுதான் பாக்கி. "செப்டம்பர்ல உங்க கையில இருக்கும், சத்தியம்" என்கிறார் சாவேத்ரா. இந்தத் தடவை காபி கொடுக்கவில்லை. நல்ல சகுனம்.

ஜூலை 29

இலாரியோன் மேஸ்திரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டு வாசலில் நின்றார்.

"டாக்டரம்மா, ஆகஸ்ட் பொறக்குது. பூமித்தாய் வாயைத் திறக்கற மாசம். இப்ப ஊட்டலேன்னா அடுத்த ஆகஸ்ட்டுதான்."

"உரிமம் செப்டம்பர்லதான வரும் மேஸ்திரி?"

"வரட்டுமே. மண்ணு உரிமம் பார்த்தா திங்குது? பசியில இருக்கற நிலத்துல என் ஆளுங்க காலை வைக்க மாட்டாங்க. வச்சா, சாரத்துலேருந்து ஒருத்தன் விழுவான். அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

நான் கத்தி பிடிக்கிற டாக்டர். இதை நம்புகிறேனா? தெரியவில்லை. ஆனால் என் வீட்டு அடித்தளத்திலும் பூமித்தாய்க்கென்று புதைத்த லாமா விலங்கின் கரு இருக்கிறது. இந்த ஊரில் புதைக்காமல் கட்டினவன் எவன்? சரி என்றேன்.

ஆகஸ்ட் 3

எவ்வளவு நல்ல நாள்! முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. கோகா இலை, வண்ண நூல், சர்க்கரைப் பொம்மைகள், அவற்றின் நடுவே காய்ந்த லாமாக் கரு. மேஸ்திரி பேர் சொல்லிப் பேர் சொல்லி மலைகளைக் கூப்பிட்டார். ஒரு மலையும் விட்டுப்போகவில்லை.

சாவேத்ராவும் கழுத்தில் சிவப்புத் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். அரை பாட்டில் பியரைக் குழியில் ஊற்றி, "அம்மா, இந்த ஆஸ்பத்திரியை நல்லபடியா நடத்திக் குடு" என்று வேண்டிக்கொண்டு மிச்சத்தைத் தான் குடித்தார். ஆட்டிறைச்சி இரண்டு தட்டு. கூட வந்த ஆய்வாளர் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். ஞாபகத்துக்கு எடுக்கிறார் என்று நினைத்தேன்.

நைடா குழியோரத்தில் இருந்த சர்க்கரைப் பொம்மை ஒன்றைத் திருடித் தின்றாள். ஹுஸ்தா அடிக்கக் கை ஓங்கினாள். "பூமிக்குப் பல்லு எங்கம்மா இருக்கு? எனக்குத்தான் இருக்கு" என்றது அது. மேஸ்திரிகூடச் சிரித்துவிட்டார்.

ஆகஸ்ட் 21

'உரிமம் பெறாமல் மண் அகழ்வுப் பணி தொடங்கியமைக்காக.' அபராதம். கோப்பு மூடப்பட்டது. மறுபடி விண்ணப்பிப்பதென்றால் முதல் படியிலிருந்து. அமைச்சகத்தின் ஒப்புதலும் அதோடு செல்லாது. கூடவே குழியின் படம். படத்தின் ஓரத்தில் சிவப்புத் துண்டின் நுனி தெரிகிறது. கீழே கையெழுத்து — ரோலாந்தோ சாவேத்ரா.

ஓடினேன். காபி கொடுத்தார்.

"குழி தோண்டினீங்களா இல்லையா டாக்டர்?"

"நீங்கதானேய்யா அதுல பியர் ஊத்துனீங்க!"

"அது ரோலாந்தோ ஊத்தினது. இது ஆபீஸ். ஆய்வாளர் அறிக்கை போட்டுட்டார். நான் கையெழுத்துப் போடலேன்னா நாளைக்கு என்னைத் தொங்க விடுவாங்க."

"உங்க வீட்டுக்கு நீங்க தோண்டலையா? இந்தக் கட்டடத்துக்குத் தோண்டலையா?"

"தோண்டியிருப்போம். யாரும் படம் எடுக்கல."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். எழுதக்கூடக் கூசுகிற வார்த்தைகள். கொஞ்சமும் வருத்தமில்லை. மேல்முறையீடு செய்யலாமாம். அதைப் பரிசீலிப்பவர் யாராம்? சாவேத்ரா.

ஆகஸ்ட் 22

குழியை மூடுவதற்கும் அனுமதி வாங்க வேண்டுமாம்.

அக்டோபர் 10

சட்டம் நிறைவேறிவிட்டது. ஒரே அலுவலகம், அறுபது நாள். பெலிசா வானொலியைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் ஓடி வந்தாள். "நம்ம சட்டம் டாக்டர்! நீங்க பேசின சட்டம்!"

ஆமாம், நான் பேசின சட்டம். ஒன்பதாவது பிரிவைப் படித்தேன். 'அனுமதியின்றிப் பணி தொடங்கியவர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு இச்சலுகை பெறத் தகுதியற்றவர்கள்.' என் வாய் வார்த்தை அச்சாகி வந்திருக்கிறது. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை பாவிகள்.

யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நான்தானே சொன்னேன்? யோக்கியமா இருக்கறவங்களுக்கு என்ன நஷ்டம்னு கேட்டேனே, நான்தானே கேட்டேன்? அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்ததா? கடங்காரி.

டிசம்பர் 12

சாந்தா குரூஸிலிருந்து வந்த ஒரு கம்பெனி, பழைய ஹோட்டல் ஒன்றை வாங்கிக் 'குழந்தைகள் சிறப்பு மருத்துவமனை'யாக மாற்றப் போகிறது. புதிய சட்டத்தில் மனுப் போட்டார்கள். அறுபது நாள்கூட ஆகவில்லை, அனுமதி கிடைத்துவிட்டது. விழாவில் பேசிய சாவேத்ரா என் பெயரைச் சொல்லி நன்றி தெரிவித்தாராம்.

மே 20

திறந்துவிட்டார்கள். ஆம்புலன்ஸில் ஒட்டகச்சிவிங்கிப் படம். கோணல் பல், தும்மல், உயரம் போதாத பிள்ளைகள் — எல்லாவற்றுக்கும் ஒரு தளம் இருக்கிறது. தீக்காயத்துக்கு இல்லை. மேலாளரைப் பார்த்துக் கேட்டேன்.

"மாசக்கணக்கா படுக்கணும், செலவு ஜாஸ்தி. அந்த வாடையும் மத்த பெத்தவங்களுக்குப் பிடிக்காது டாக்டர்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். கதவுவரை வந்து வழியனுப்பினான்.

மேஸ்திரி வேலை ஆரம்பித்திருந்தால் இந்த மாதம் நமக்கும் கூரை ஏறியிருக்கும். வருஷம் திரும்பினால் பிள்ளைகள் படுத்திருக்கும் என்று பெலிசா விரல்விட்டு எண்ணினாள். வாயை மூடு என்றேன். இன்னும் பழைய வழியில் மனுவைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டாவது படியில் நிற்கிறது.

ஜூன் 24

சான் ஹுவான் திருநாள். வருஷத்திலேயே குளிரான ராத்திரி. தடை போட்டாலும் தெருவுக்குத் தெரு நெருப்பு வளர்க்கிறார்கள். ஹுஸ்தா நல்ல வியாபாரம் என்று நெருப்போரமாக வண்டியை நிறுத்தியிருக்கிறாள். யாரோ பட்டாசைக் கொளுத்தி எறிய, கூட்டம் சிதறி வண்டிமேல் விழுந்திருக்கிறது. கொதிக்கிற அபிப் பானை. அடியில் நைடா.

கிட்டத்தில் இருந்ததென்று முதலில் ஒட்டகச்சிவிங்கி ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அது எங்கள் துறை இல்லை என்று எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். மார்பு, வயிறு, இரண்டு தொடைகள். திரைக்குப் பின்னால் வைத்து என்னால் என்ன செய்ய முடியும்? செய்ய முடிந்ததைச் செய்தேன். லா பாஸுக்கு அனுப்பினேன். பெலிசா கூடப் போயிருக்கிறாள். ஹுஸ்தா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 25

லா பாஸ் சாலையில் முதல் ஊரான காரகோல்யோவைக்கூட அவள் உயிரோடு தாண்டவில்லை.

ஆகஸ்ட் 2

இன்று மறுபடியும் நிலத்துக்குப் போனோம். வருஷம் தவறக் கூடாது, தவறினால் போன வருஷம் கொடுத்ததும் வீண் என்று மேஸ்திரி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். தடை தீர இன்னும் நாலு வருஷம். அது தீருகிற வருஷம் எனக்கு ஓய்வு. அப்போது யார் வந்து நிற்பார்களோ.

இந்தத் தடவை யாரும் மண்வெட்டி கொண்டுவரவில்லை. தரைமேல் ஒரு தகரத் தட்டை வைத்து, எல்லாவற்றையும் அதில் அடுக்கிக் கொளுத்தினார் மேஸ்திரி. "இப்படியும் குடுக்கலாம். மண்ணு கோவிச்சுக்காது. நிலைமை அதுக்கும் தெரியும்" என்றார். பழைய குழி அப்படியே திறந்து கிடந்தது, பாதி மழைத்தண்ணீரோடு. அதைத் தொட யாருக்கும் தைரியமில்லை.

புகையைப் பார்த்துவிட்டு அதே ஆய்வாளர் கேமராவோடு வந்துவிட்டார். தட்டைச் சுற்றிச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார்.

"எங்கயும் தோண்டலையே?"

"ஒரு விரல் ஆழம்கூடத் தோண்டல" என்றாள் பெலிசா. "வேணும்னா தட்டைத் தூக்கிப் பாருங்க, கை வெந்தா எங்க வார்டுக்கு வாங்க."

ஹுஸ்தா முன்னால் வந்தாள். கொண்டுவந்திருந்த சர்க்கரைப் பொம்மையை நெருப்பில் வைத்தாள். பிறகு ஆய்வாளரைப் பார்த்து, கோபமே இல்லாமல், வழி சொல்கிற மாதிரி சொன்னாள்.

"என் பொண்ணுக்குத் தோண்டினோம் ஐயா. அன்னிக்கு யாரும் வந்து அனுமதி கேக்கல."

அவர் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டார். மேஸ்திரி பாட்டிலை ஹுஸ்தாவிடம் கொடுத்தார். அவள் முதலில் தரையில் ஊற்றினாள்.