தீட்டுக் கழியாத வீடு

1936 மே 27

மெட்ராஸ் மெடிக்கல் ரிஜிஸ்டரில் என் பெயர் ஏறிவிட்டது. குழந்தையம்மாள், எல்.எம்.பி. பெயர் ஏறாதவளை ஹவுஸ் சர்ஜனாகச் சேர்க்க மாட்டோம் என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இனி ஜூலை ஒன்றாம் தேதிக்குள் போய், அங்கேயே தங்கி ஒரு வருஷம் பழக வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருத்திக்கு.

தம்பிதுரை அண்ணன் தொண்டாமுத்தூர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். தாலியறுத்து வந்த தங்கச்சியைப் படிக்க அனுப்புகிறான் என்று அவரைக் கேலி பேசிய ஊர் இது.

ஜூன் 3

விடியும்போது நங்கையாவுக்கு, அண்ணன் மனைவி மயிலாத்தாளுக்கு, வலி கண்டது. மருத்துவச்சி கல்யாண வேலையாகப் பேரூர் போயிருந்தாள். தடத்தில் யானை நின்றதால் கோயமுத்தூருக்கும் வண்டி கட்ட முடியவில்லை. குழந்தைக்குக் கால் முன்னால் வந்தது. நானே எடுத்தேன். தொப்புள் கொடியையும் நானே அறுத்தேன். ஆண் குழந்தை. இரண்டு உயிரும் பிழைத்தன. 

ஜூன் 4

அண்ணன் குழந்தையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நாடி பாக்கறது, மருந்து கலக்கறதுதான் டாக்டர் வேலைன்னு நெனைச்சுப்போட்டேன். பட்டணத்துலயும் இதேதானா அம்மணி?"

"பிரசவ வார்டும் உண்டுங்கண்ணா."

"எல்லாச் சாதிக்கும்?"

"ஆரு வந்தாலுங்க."

"கவுண்டர் ஊட்டுப் புள்ள ஊரார் கொடிய அறுக்கறதுக்கா படிக்க வெச்சேன்? நீ போக வேண்டாம்."

தீட்டுக் கழியும்வரை நான் தோட்டத்துச் சாளையில், அந்த ஓலைக் குடிசையில், இருக்கணுமாம்.

ஜூன் 9

அவர் பிள்ளையை அவர் கையில் கொடுத்ததற்கு எனக்கு இந்தச் சாளை. நன்றாக இருக்கிறது நியாயம். பிரசவ வார்டே கிடையாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ? ஏன் சொல்லணும் — என்ன திருட்டா பண்ணுனேன்?

ஜூன் 14

காற்று. வேறொன்றுமில்லை. எட்டி நின்று சோறு வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஜூன் 18

இன்று தீட்டுக் கழிக்கும் நாள். பெற்றவள் தலைக்கு ஊற்றிக் குளித்தால்தான் வீட்டுத் தீட்டுப் போகும். ஐயர் வந்து உட்கார்ந்த பிறகு, தலைக்கு ஊற்றிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார் நங்கையா. உள்ளிருந்தபடி, ஐயர் காதிலும் விழும்படி அண்ணனிடம் சொன்னாராம்: "அம்மணி கை பட்டுத்தானுங்க நானும் எம்புள்ளயும் உசுரோட இருக்கறோம். அது செஞ்சது ஈன வேலைன்னா நாங்களும் இப்படியே இருந்துக்கறோம். அது ரயிலேறட்டும், அன்னிக்குத் தலைக்கு ஊத்திக்கறேன்."

ஐயர் எழுந்து போய்விட்டார். வாயே திறக்காத மனுஷி நங்கையா. எனக்கு அழுகை வந்தது.

ஜூன் 23

மாரியம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டிவிட்டார்கள். முதல் மரியாதை வாங்கும் அண்ணன், தீட்டோடு கோயில் படி மிதிக்க முடியாமல் வீட்டில். பங்காளிகள் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. நங்கையா அடுப்படிக்குப் போகக் கூடாதென்பதால் அண்ணனே சோறு பொங்குகிறார். அடிப்பிடித்த வாசனை சாளைவரை வந்தது. சிரித்துவிட்டேன். ஆனாலும் நாள் ஓடுகிறதே, அவர் மசியாவிட்டால்?

ஜூன் 27

அண்ணன் சாளைக்கு வெளியே நின்று, பனைமரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "போத்தனூர்ல மெட்ராஸ் வண்டி எத்தன மணிக்கு?"

ஜூன் 29

ரயிலில் எழுதுகிறேன். வண்டி ஊதியது. அண்ணன் ஜன்னலருகே வந்தார்.

"கொழந்தைய எடுத்ததுக்கப்பறம் கைய நல்லாக் கழுவிக்க, கண்ணு."

"எடுக்கறதுக்கு முன்னாலயும் கழுவோணுங்கண்ணா. இல்லீனா தாய்க்கு ஆகாது."

நகர்ந்த வண்டியோடு கூடவே நடந்தார்.

"அப்ப அதை மொதல்ல பண்ணு" என்றார்.