பிரேக் பிடிக்காத மூன்றாவது ஓட்டம்

மாசி 22, வியாழன். திருப்பதி.



ஞாயிற்றுக்கிழமை டிராக் ரேஸ், நேர் சாலையில் குறுகிய தூரம் ஓடும் கார் பந்தயம். டர்போ கார்களுக்கான பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறோம். வண்டியைத் தயார் செய்வது நான், ஓட்டுவது என் மனைவி புவனா. இன்று சாயங்காலம் புத்தூருக்கு வெளியே, இன்னும் வீடு எழும்பாத ஒரு மனைப்பிரிவின் நேர் சாலையில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தோம்.

முதல் இரண்டு ஓட்டமும் நன்றாக இருந்தது. மூன்றாவதில், முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகும் வேகம் குறையவில்லை. சாலை முடிகிற இடத்தில் கருங்கல் சுவர். நான் கத்திக்கொண்டே ஓடினேன். அவள் கைப்பிரேக்கை இழுத்திருக்கிறாள். வண்டி பக்கவாட்டில் சுழன்று, சுவருக்கு ஓரடி முன்னால் நின்றது.

இறங்கியவள், "பெடல் உள்ள போய்க்கினே இருந்துச்சி. நான்தான் லேட்டா மிதிச்சிட்டனா?" என்றாள்.

பானட்டைத் திறந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் டர்போவின் சூட்டில், பக்கத்துக் குழாயிலிருந்த பிரேக் ஆயில் கொதித்து, பிரேக் பிடிக்காமல் போயிருந்தது. சூட்டைத் தடுக்கும் தகட்டை, எடை குறையட்டும் என்று போன வாரம் நான்தான் கழற்றினேன். அவளிடம் சொல்லவில்லை. இன்று அவள் அப்படிக் கேட்டபோதும் "பார்க்கலாம்" என்று மட்டும்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதும் அவள் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் தகட்டைக் கழற்றியதைச் சொல்லிவிட்டேன்.

அவள் திட்டவில்லை. "வேற இன்னான்னா கழட்டின?" என்று கேட்டாள்.

நான்கு பாகங்களைச் சொன்னேன். கழற்றியது இன்னும் ஒன்று இருக்கிறது. எது என்றுதான் நினைவு வரவில்லை.